மாலத்தீவில் டீச்சர் வேலை: ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

விடுமுறைக்குக் கடலூர் வந்து இறங்கினால் போதும், திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் காய் வாங்கும்போதும் சரி, மஞ்சக்குப்பத்தில் ஒரு வளைகாப்புக்குப் போனாலும் சரி, புதுச்சேரியில் என்னோடு பி.எட். படித்தவர்கள் போன் செய்தாலும் சரி, பேச்சு நேராக மாலத்தீவுக்குத்தான் வருகிறது. நான் அங்கே வடக்குப் பக்கத் தீவு ஒன்றில் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், கேள்விகள் மட்டும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி வைத்து, ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. முஸ்லிம் நாடு என்றதும் பயப்பட வேண்டாத விஷயத்துக்கெல்லாம் நம் ஆட்கள் ரொம்பப் பயப்படுகிறார்கள். கேட்டே ஆக வேண்டிய சம்பளம், விசா, படகு இதையெல்லாம் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

மாலத்தீவுன்னா ரிசார்ட்டு தானே, அங்க ஸ்கூல் எங்க இருக்கு?

ரிசார்ட் இருப்பது தனித் தீவுகளில். அங்கே ஊர் கிடையாது. மொத்தம் 1,200 தீவுகள் அளவுக்கு இருந்தாலும், மக்கள் குடியிருப்பவை ஏறக்குறைய 190 தான். அந்த ஊர்த் தீவுகளில் பள்ளிக்கூடம், மசூதி, சுகாதார மையம், இரண்டு மூன்று மளிகைக் கடை இருக்கும். டீச்சராகப் போனால் நீங்கள் வாழப் போவது இந்த மாதிரி ஊரில்தான், விளம்பரப் படத்தில் பார்க்கும் நீலத் தண்ணீர் பங்களாவில் இல்லை. பல தீவுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்து கடந்துவிடலாம். தலைநகர் மாலேயும் அதை ஒட்டிய ஹுல்ஹுமாலேயும் மட்டும் நெருக்கமான நகரம்.

எந்த சப்ஜெக்டுக்கு எடுக்கிறாங்க? பி.எட். கண்டிப்பா வேணுமா மிஸ்?

மேல் வகுப்புக் கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், வணிகவியல், கணக்குப்பதிவியல் இதற்குத்தான் வெளியாட்கள் அதிகம். அந்நாட்டு மொழியான திவேஹியும் இஸ்லாமும் உள்ளூர்க்காரர்களே எடுப்பார்கள். பாடமொழி ஆங்கிலம். பி.எட். இருந்தால்தான் வழி நன்றாகத் திறக்கும்.

ஒரு விஷயத்தை இப்போதே பார்த்துவிடுங்கள். நம் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். இரண்டும் ஒரே ஆளா என்று கேள்வி வந்தால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். பெயர் வேறுபாட்டுக்கு நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் நன்னடத்தைச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

இங்கேருந்து எப்படிப் போறது? சென்னை போயே ஆகணுமா?

வேண்டியதில்லை. நம் பக்கத்து ஆட்கள் பலர் திருவனந்தபுரம் வழியாகத்தான் போகிறார்கள். கடலூரோ புதுச்சேரியோ, பஸ்ஸில் விழுப்புரம் போய் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் திருவனந்தபுரம். அங்கிருந்து மாலேவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான் ஆகும். கொச்சி, பெங்களூரு வழியாகவும் போகலாம்.

மாலேவில் இறங்கியதும் வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். வடக்கே போகிறவர்கள் இன்னொரு சின்ன விமானத்தில் ஹனிமாதூ மாதிரி இடத்துக்குப் போய், அங்கிருந்து படகு ஏற வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மே முதல் அக்டோபர், நவம்பர் வரை கடல் கொந்தளிக்கும், படகு சொன்ன நேரத்துக்குக் கிளம்பாது. சில்வர் பீச்சில் அலை பார்த்து வளர்ந்த எனக்கே அந்தப் படகில் தலை சுற்றியது. வாந்தி மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வைத்துவிட்டால் எடுக்க முடியாது.

பெட்டியில எதெல்லாம் வைக்கக் கூடாது?

மது, பன்றி இறைச்சி சேர்ந்த உணவு, வழிபாட்டுக்கான சிலைகள், ஆபாசப் படங்கள், வேப் எனப்படும் மின் சிகரெட் எதுவும் கூடாது. பெட்டி எல்லாமே ஸ்கேன் ஆகித்தான் வெளியே வரும். தூக்க மாத்திரை, வலுவான வலி மாத்திரை, மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சீட்டை அசலாகவும், மருந்தை அதன் அட்டையோடும் கொண்டுபோக வேண்டும். போதைப்பொருள் சட்டம் அங்கே கடுமை. யாராவது தெரிந்தவர் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி பார்சல் தந்தால் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள், அது அத்தை மகனாக இருந்தாலும் சரி.

அப்ப சாமியே கும்பிட முடியாதா அக்கா?

மனசுக்குள், உங்கள் அறைக்குள் யாரும் தடுக்கவில்லை. பொது இடத்தில் வேறு மத வழிபாடு கூடாது, கோயிலோ சர்ச்சோ கிடையாது, மதம் பரப்புவது குற்றம். அந்நாட்டு அரசியல் சட்டப்படி குடிமக்கள் எல்லாரும் முஸ்லிம்கள்தான். சிலை கொண்டுபோகக் கூடாது என்று மேலேயே சொன்னேன். நான் போனில் எங்கள் ஊர்ச் சாமி பாடலீஸ்வரர் படம் வைத்திருக்கிறேன், காலையில் குளித்ததும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறேன், அவ்வளவுதான். கார்த்திகைக்கு அறைக்குள் ஒரு விளக்கு, பொங்கலுக்குக் குக்கரில் ஒரு பொங்கல்.

இது எனக்குப் போதும். ஆனால் செவ்வாய், வெள்ளி கோயிலுக்குப் போகாமல் இருக்கவே முடியாது என்கிறவர்கள், ஞாயிறு திருப்பலி இல்லாமல் வாரம் ஓடாது என்கிறவர்கள், இதை நன்றாக யோசித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. போய்ச் சேர்ந்த பிறகு இந்த நாட்டில் ஏன் இப்படி என்று குறைப்படுவது நமக்கும் அழகில்லை, நம்மை வேலைக்கு வைத்தவர்களுக்கும் மரியாதையில்லை.

பொண்ணைத் தனியா அனுப்பலாமா? பர்தா போடச் சொல்வாங்களா?

அம்மாக்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும் கேள்வி இது. பர்தாவும் வேண்டாம், தலையை மூடவும் வேண்டாம். உள்ளூர்ப் பெண்களில் பெரும்பாலோர் தலைத்துணி போடுகிறார்கள், வெளிநாட்டு டீச்சர்களைப் போடச் சொல்வதில்லை. புடவை, முழுக்கைச் சுடிதார், துப்பட்டா இது போதும். நான் வாரத்தில் பாதி நாள் காட்டன் புடவைதான் கட்டுகிறேன், பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. கடலில் இறங்கினாலும் உள்ளூர்ப் பெண்கள் மாதிரி முழு உடையோடுதான்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், என் அனுபவத்தில் சின்னத் தீவில் இரவு எட்டு மணிக்குக் கடைக்குப் போய்வர எனக்குப் பயமே இல்லை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதுவேதான் சங்கடமும்: நீங்கள் யாரோடு பேசினீர்கள், யார் வண்டியில் ஏறினீர்கள் என்பது மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கூட வேலை செய்யும் ஆண் டீச்சர் வீட்டுக்குத் தனியாகப் போவது, அவரைத் தன் வீட்டுக்கு வரச் சொல்வது, இதையெல்லாம் தவிர்த்துவிடுங்கள். மாலே நகரத்தில் வேறு மாதிரி, அங்கே எந்த ஊரிலும் இருக்கும் எச்சரிக்கை வேண்டும்.

ஞாயித்துக்கிழமை ஸ்கூல் உண்டாமே?

உண்டு. வெள்ளி, சனி விடுமுறை, ஞாயிறு முதல் வியாழன் வேலை. நேரம் நம்மைவிட அரை மணி பின்னே. காலை ஏழு மணி வாக்கில் பள்ளி தொடங்கிவிடும், மதியத்துக்குள் பாடங்கள் முடியும், அப்புறம் கூட்டம், சிறப்பு வகுப்பு என்று ஏதாவது இருக்கும்.

ஒரு நாளின் ஓட்டத்தைத் தீர்மானிப்பது தொழுகை நேரம்தான். ஐந்து வேளை பாங்கு சத்தத்தை வைத்தே மணி சொல்லிவிடுவேன். அந்த நேரத்தில் கடைகள் கால் மணி, இருபது நிமிடம் மூடிவிடும். புதிதாகப் போனவர்கள் கடை வாசலில் நின்று சலித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தொழுகை நேரத்தைப் போனில் வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் போய்விட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் வரை ஊரே அடங்கியிருக்கும், அரசுப் படகுப் போக்குவரத்தும் பெரும்பாலும் இருக்காது. வெள்ளிக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன், அன்றைக்குப் படகு உண்டா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

நோன்பு மாசத்துல நாமளும் பட்டினி கிடக்கணுமா?

வீட்டுக்குள் சாப்பிடலாம். வெளியில், பள்ளியில், தெருவில், பகலில் சாப்பிடுவதோ தண்ணீர் குடிப்பதோ கூடாது, ஓட்டல்களும் பகலில் மூடியிருக்கும். ஸ்டாஃப் ரூமில் யாரும் பார்க்கவில்லை என்று பாட்டிலைத் திறக்காதீர்கள். பள்ளி நேரம் குறையும், பிள்ளைகள் இரவில் விழித்திருந்துவிட்டு வருவதால் சோர்ந்திருப்பார்கள், கடினமான பாடத்தை அந்த மாதத்துக்கு வைக்காமல் முன்பே முடித்துவிடுவது என் வழக்கம்.

மாலையில் நோன்பு திறக்கும் நேரம் வேறு உலகம். பக்கத்து வீட்டிலிருந்து தட்டு வந்துவிடும். மீன் வைத்த குல்ஹா, பஜியா, ஏதாவது ஒரு ஜூஸ். தட்டை வெறுமையாகத் திருப்பித் தராதீர்கள், நாமும் ஒரு கேசரியோ பருப்பு வடையோ போட்டுக் கொடுத்தால் அந்த உறவு வருடம் முழுக்க நிற்கும்.

நாங்க சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

சமைக்கத் தெரியாவிட்டால் கஷ்டம்தான், இதை மறைக்க மாட்டேன். அங்கே மீன் இல்லாத வேளை கிடையாது. காலையில் மஸ் ஹுனி, அதாவது சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் சேர்த்துப் பிசைந்து ரோஷி என்ற ரொட்டியோடு சாப்பிடுவார்கள். மதியம் கருதியா என்ற மீன் சாறு, சோறு. நம் கரையோரக்காரர்களுக்கு மாசிக்கருவாடு தெரியுமே, அது இந்தத் தீவுகளின் சரக்குதான். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இது சொர்க்கம், கடலூர் முதுநகர் மார்க்கெட்டில் கிடைக்காத அளவுக்குப் புது மீன்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: அரிசி, கோதுமை மாவு, பருப்பு, வெங்காயம், உருளை எல்லாம் எந்தத் தீவிலும் கிடைக்கும், அநேகமாக எல்லாமே இந்தியாவிலிருந்து வருவது. தூத்துக்குடியிலிருந்து காய்கறி ஏற்றிய தோணி மாலே போகிறது, அங்கிருந்து சரக்குப் படகில் நம் தீவுக்கு வரும். படகு வந்த அன்று கேரட்டும் பீன்ஸும் இருக்கும், இரண்டு நாளில் காலி. விலையும் நம் உழவர் சந்தையோடு ஒப்பிட்டால் மனசு தாங்காது. ஆனால் முருங்கை மரம் வீட்டுக்கு வீடு நிற்கும், கீரை கேட்டால் ஒடித்துத் தருவார்கள். ஈரப்பலா, பூசணி, பப்பாளி, தேங்காய் உண்டு. குக்கர், சின்ன மிக்ஸி, புளி, சாம்பார் பொடி, பெருங்காயம், ஊறுகாய் இவ்வளவும் ஊரிலிருந்து கொண்டுபோங்கள். வெயிலுக்கு இட்லி மாவு சீக்கிரம் புளித்துவிடும், இரவு அரைத்தால் காலையில் ஊற்றிவிட வேண்டும்.

பசங்க எப்படி? கண்டிக்க முடியுமா?

கை வைக்கவே கூடாது. காது திருகுவது, ஸ்கேலால் தட்டுவது, வகுப்புக்கு வெளியே வெயிலில் நிறுத்துவது எதுவும் வேண்டாம், வேலை போய்விடும். இங்கே இரைச்சலாகத் தோன்றும் வகுப்பு அங்கே இயல்பானது. பிள்ளைகள் நினைத்ததை முகத்துக்கு நேரே கேட்பார்கள், 'மிஸ், இது போர் அடிக்குது' என்று சொல்வார்கள். அது திமிர் இல்லை.

பாடம் எடுக்கும் முறைதான் நமக்குப் புதிது. பத்தாம் வகுப்பு முடிவில் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுகிறார்கள். புக் பேக் கொஸ்டின், ஒன் வேர்ட், அப்படியே ஒப்பித்தல் இதெல்லாம் அங்கே செல்லாது. பழைய வினாத்தாள்களையும் மதிப்பெண் வழங்கும் குறிப்புகளையும் முதல் மாதமே எடுத்து உட்கார்ந்து படியுங்கள், எந்தச் சொல்லுக்கு எந்த அளவு விடை எதிர்பார்க்கிறார்கள் என்பது அதில்தான் பிடிபடும்.

ஒன்று சொல்கிறேன். இரும்பு துருப்பிடிப்பதைத் தடுக்கத் துத்தநாகம் பயன்படுவதை எடுத்துக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் எப்போதும் தூங்குகிற ஒரு பையன், மறுநாள் அவன் அப்பாவின் மீன்பிடிப் படகு அடியில் மாட்டியிருந்த துத்தநாகக் கட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். செங்கல் மாதிரி இருக்க வேண்டியது, கடல் தண்ணீர் அரித்து ஓரமெல்லாம் கரைந்து, கரும்பச்சைப் பாசியோடு, குழி குழியாக இருந்தது. இதை மாற்றாமல் விட்டால் புரொப்பெல்லர் தண்டு போய்விடும் மிஸ் என்று அவனே வகுப்புக்கு விளக்கினான். அந்தப் பாடத்தை நான் அதற்குமேல் நடத்தவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கடல் தெரியும், அதைத் தொட்டு எடுத்தால் எதுவும் ஏறும்.

கிளாஸ்ல எதைப் பத்திப் பேசக் கூடாது?

மதம், உள்ளூர் அரசியல் இரண்டும் வேண்டவே வேண்டாம். ஒப்பீடுகூட வேண்டாம், 'எங்க ஊர்ல சாமி இப்படி' என்று உதாரணத்துக்குக்கூடச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் ஆவலில், 'மிஸ், நீங்க ஏன் முஸ்லிம் ஆகல?' என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் சிரித்துக்கொண்டு, என் அம்மா அப்பா வழியில் நான் இருக்கிறேன் என்று ஒரு வரி சொல்லி நிறுத்திவிடுவேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பேஸ்புக் பதிவு இவையும் வகுப்பு மாதிரித்தான், பெற்றோர் எல்லாரும் பார்ப்பார்கள்.

இந்தியாக்காரங்கன்னா இப்ப அவங்களுக்குப் பிடிக்காதாமே?

2023, 2024இல் 'இந்தியாவே வெளியேறு' பிரசாரமும் சமூக வலைத்தளச் சண்டையும் நடந்தது உண்மை. அது அரசியல், ராணுவ வீரர்கள் இருப்பதைப் பற்றிய சண்டை. 2025 ஜூலையில் அவர்களின் 60ஆவது சுதந்திர தின விழாவுக்கு நம் பிரதமரே விருந்தினராகப் போய்வந்தார். என் தெருவில் அந்த நாட்களிலும் யாரும் முகம் திருப்பிக்கொள்ளவில்லை. தாத்தா காலத்திலிருந்து இந்திய டீச்சரிடம் படித்த குடும்பங்கள் அவை. நாமக்கல் முட்டை சாப்பிடுகிறார்கள், ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் வருகிறார்கள், நம் படப் பாட்டு அவர்களுக்கு அத்துப்படி. அரசியல் பேச்சு எழுந்தால் முந்தைய கேள்விக்குச் சொன்ன பதில்தான்: ஒதுங்கிவிடுங்கள்.

நாங்க பரங்கிப்பேட்டை முஸ்லிம். எங்களுக்கு எல்லாம் சுலபம்தானே?

பல விஷயத்தில் ஆமாம். அவர்கள் சுன்னி முஸ்லிம்கள், வழிவழியாக ஷாஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்ட நெறிகளில் ஒன்று), நம் கரையோர மரைக்காயர்களும் ஷாஃபிதான், அதனால் தொழுகை முறையில் அந்நியம் தெரியாது. பள்ளிவாசலில் அறிமுகம் சீக்கிரம் கிடைக்கும், பெருநாள் தனியாகப் போகாது. வெள்ளிக்கிழமை குத்பா என்ற பிரசங்கம் திவேஹியில் இருக்கும், அதை அரசே தயாரித்து எல்லாப் பள்ளிவாசலுக்கும் அனுப்புகிறது.

ஆனால் எதிர்பார்ப்பும் கூடும். எனக்கு இருக்கிற விலக்கு உங்களுக்கு இருக்காது. நோன்பு, தொழுகை, உடை, எல்லாவற்றிலும் உங்களை அவர்களில் ஒருவராகப் பார்ப்பார்கள். தர்கா, கந்தூரி பழக்கமுள்ளவர்கள் அதை அங்கே பேச்சில் எடுக்காமல் இருப்பது நல்லது, இப்போது அங்கே அதற்கு இடமில்லை. என்னோடு வேலை செய்யும் நம் மாவட்டத்து முஸ்லிம் டீச்சர் ஒருவர் இதைத்தான் முதலில் சொல்லச் சொன்னார்.

உடம்புக்கு முடியலன்னா?

காய்ச்சல், வயிற்றுக்கு ஊர் சுகாதார மையம் போதும். பெரிய தொந்தரவென்றால் அட்டோல், அதாவது நம் தீவுக் கூட்டத்தின் மருத்துவமனைக்கோ, வடக்கே குல்ஹுதுஃபுஷிக்கோ, கடைசியாக மாலேவில் இந்திய உதவியில் கட்டிய இந்திரா காந்தி நினைவு மருத்துவமனைக்கோ படகிலும் விமானத்திலும் போக வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துப் போகிற மாதிரி இல்லை. பிபி, சுகர், தைராய்டு இருப்பவர்கள் மூன்று மாத மருந்தாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள், பல் வேலை எல்லாம் ஊரிலேயே முடித்துவிடுங்கள். காப்பீட்டைப் பள்ளி எடுக்கிறதா, எதெல்லாம் அதில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். டெங்கு அங்கேயும் உண்டு.

கைக்கு எவ்வளவு மிஞ்சும்? வீட்டுக்கு மாசா மாசம் அனுப்ப முடியும்ல?

இந்தக் கேள்வியைத்தான் சரியாகக் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. எல்லாரும் சம்பளத் தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். சம்பளம் பெரும்பாலும் அந்நாட்டு நாணயமான ருஃபியாவில். அரசு விகிதம் ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா, 2011இலிருந்து ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ஆனால் அந்த விகிதத்தில் நீங்கள் கேட்கிற அளவு டாலர் வங்கியில் கிடைக்காது. நாட்டில் டாலர் தட்டுப்பாடு. வெளிநாட்டு ஊழியர் மாதத்துக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வங்கி வரம்பு வைக்கும், அந்த வரம்பைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

ஒரு கணக்கு போடுங்கள். 15,000 ருஃபியா சம்பளம் என்றால் அரசு விகிதத்தில் சுமார் 970 டாலர். வங்கி அதில் ஒரு பகுதியைத்தான் அனுப்ப விடுகிறது என்றால் மீதி ருஃபியாவாகவே தேங்கும். வெளியே டாலர் 20 ருஃபியாவுக்கு விற்றால் அதே சம்பளம் 750 டாலர்தான். அதுவும் உரிமம் இல்லாத ஆளிடம் மாற்றுவது சட்டத்துக்குப் புறம்பு, மாட்டினால் வேலையோடு போகும். வீட்டுக் கடன் தவணையை இந்தப் பணத்தை நம்பிக் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஒருமுறை நிறுத்தி யோசியுங்கள்.

அதனால் கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை: சம்பளம் எந்த நாணயத்தில், எந்த வங்கியில், அந்த வங்கி வெளிநாட்டு டீச்சருக்கு இந்த மாதம் எத்தனை டாலர் அனுப்ப விடுகிறது, வீட்டு வாடகை, கரண்ட், தண்ணீர் யார் தலையில், வருட டிக்கெட் உண்டா. மாலேவில் பாரத ஸ்டேட் வங்கிக்கு 1974இலிருந்து கிளை இருக்கிறது, இந்திய டீச்சர்கள் பலர் அதில்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். வரம்பு என்ன என்பதை இப்போது அங்கே வேலை செய்கிற டீச்சர் ஒருவரிடம் கேளுங்கள், ஏஜென்டிடம் கேட்காதீர்கள்.

இங்க வருமான வரி கட்டணுமா? பழைய பேங்க் அக்கவுண்ட் அப்படியே இருக்கலாமா?

வேலைக்காக வெளிநாடு போகிற இந்தியக் குடிமக்கள், அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால், அங்கே சம்பாதித்து அங்கேயே வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. இங்குள்ள வாடகை, வட்டி வருமானத்துக்கு உண்டு. பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாள் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.

சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே விடக் கூடாது, வெளிநாட்டில் வாழ்பவர் இங்குள்ள வருமானத்துக்கு வைக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு திறந்துகொண்டால் அதன் வட்டிக்கு வரி இல்லை. கிளம்புவதற்கு முன்பே உங்கள் கிளையில் போய் மனு கொடுத்துவிடுங்கள், அங்கே போய்விட்டு இதைச் செய்வது அலைச்சல்.

ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேக்கிறார். முதல்ல டூரிஸ்ட் விசாவுல போ, அங்க மாத்திக்கலாம்னு சொல்றார். சரியா? தம்பி போகலாமான்னு கேக்கிறான்.

இரண்டுமே தவறு, தம்பியை நிறுத்துங்கள். நம் நாட்டு விதிப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 35,400. அவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பணத்துக்கு ரசீது தர மறுத்தால் அதோடு எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தியர்களுக்கு மாலேவில் இறங்கியதும் 90 நாள் சுற்றுலா அனுமதி இலவசமாகக் கிடைக்கும், அதை வைத்துத்தான் இந்த ஏமாற்று நடக்கிறது. அந்த அனுமதியில் வேலை செய்வது குற்றம். வேலை அனுமதி உங்கள் பெயரில், பள்ளியின் பெயரோடு, நீங்கள் கிளம்பும் முன்பே கைக்கு வர வேண்டும். போனதும் மருத்துவப் பரிசோதனை, அப்புறம் வேலை விசா. மாலத்தீவுக் கல்வி அமைச்சகமே காலியிடங்களை வெளியிடுகிறது, நேரடியாக விண்ணப்பித்து வீடியோ நேர்காணலில் தேர்வாகிப் போனவர்கள் நிறைய.

போன இடம் பிடிக்கலன்னா வேற ஸ்கூலுக்கு மாறிக்கலாமா?

தோன்றிய நேரத்தில் முடியாது. விசா உங்களை வேலைக்கு வைத்தவரோடு கட்டப்பட்டது. மாற வேண்டுமானால் அதை ரத்து செய்து புதிதாக எடுக்க வேண்டும், ஒப்பந்தத்தில் சொன்ன அறிவிப்புக் காலம் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டால் அடுத்த முறை அந்த நாட்டில் விண்ணப்பிக்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். பாஸ்போர்ட்டை யாரிடமும் வைத்துக்கொள்ளக் கொடுக்காதீர்கள், விசா முத்திரைக்கு வாங்கினால் திரும்பக் கேட்டு வாங்குங்கள். பிரச்சினை முற்றினால் மாலேவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது.

வீட்டுக்காரரையும் குழந்தையையும் கூட்டிட்டுப் போக முடியுமா?

ஒப்பந்தத்தில் குடும்ப விசாவைப் பற்றி இருக்கிறதா என்று பாருங்கள். பேச்சில் சொன்னது கணக்கில்லை. அவருக்கு அங்கே தானாக வேலை கிடைத்துவிடாது, குடும்ப விசாவில் வேலை பார்க்கவும் முடியாது. குழந்தை சின்னதென்றால் சந்தோஷமாக இருக்கும், தெருவில் வண்டி பயமில்லை, கடற்கரையே விளையாட்டு மைதானம். ஐந்தாறாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை என்றால் யோசியுங்கள். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம், நடுவில் நான்கு வருடம் தமிழ் விட்டுப்போன பிள்ளை திரும்பி வந்து தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் தினம் ஒரு பக்கமாவது தமிழ் எழுத வைக்க முடியுமென்றால் கூட்டிப்போங்கள்.

சாயங்காலம் என்ன பண்ணுவீங்க? போர் அடிக்காதா?

தொடக்கத்தில் அடிக்கும். தியேட்டர் இல்லை, கடைத்தெரு இல்லை, பஸ் ஏறி எங்கேயும் போக முடியாது. என்னைக் கேட்டால் அங்கே உண்மையான கஷ்டம் மதமோ உடையோ அல்ல, இந்தத் தனிமைதான். மாரியம்மன் திருவிழா, கூழ், அக்கா குழந்தைக்குக் காது குத்து, எல்லாமே போன் திரையில் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். வீட்டில் ஒரு இழப்பு என்றால் முதல் படகு எப்போது என்பதில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். இதைத் தாங்க முடியாமல் பள்ளியின் முதல் பருவத்திலேயே திரும்பியவர்களை எனக்குத் தெரியும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தாக்குப்பிடித்தவர்கள் எல்லாரும் வீட்டைவிட்டு வெளியே வந்தவர்கள். கரையோரம் ஜோலி என்று கம்பிச் சட்டத்தில் கயிறு பின்னிய இருக்கைகள் வரிசையாக இருக்கும், அசர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு பெண்கள் அங்கே வந்து உட்கார்வார்கள். போய் உட்காருங்கள், அரைகுறை திவேஹியில் பேசுங்கள். 2004 சுனாமியைப் பற்றி ஒரு பாட்டி சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் தேவனாம்பட்டினத்திலும் அதே காலையில் தண்ணீர் வந்தது என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர் வீட்டில் ஈரப்பலா வறுத்தால் எனக்கு ஒரு டப்பா தனியாக வரும்.

திரும்பி வந்தா அந்த அனுபவத்தை இங்க மதிப்பாங்களா?

கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் நடத்தும் சர்வதேசப் பள்ளிகள் மதிக்கும், புதுச்சேரி, சென்னை, பெங்களூரு பக்கம் அப்படிப் பள்ளிகள் இருக்கின்றன. அரசுப் பணிக்கு இது தனி வழி எதுவும் திறக்காது. டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றிருந்தால் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும், அதனால் கிளம்பும் முன் எழுதிவிடுவது நல்லது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், இணையத்திலேயே செய்யலாம், தேதியை வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

அனுபவச் சான்றிதழைக் கிளம்பும் வாரத்தில் கேட்காதீர்கள், அலுவலகத்தில் அவசரத்தில் இரண்டு வரி அடித்துத் தந்துவிடுவார்கள். ஒரு மாதம் முன்பே கேட்டு, எந்தப் பாடம், எந்த வகுப்புகள், எந்தத் தேர்வு வாரியம், சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி எல்லாம் வரும்படி வாங்கி, முதல்வரின் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படகு ஏறுங்கள்.